படகேறுவோர் இலக்கணம்

ஸ்டோர்ஸில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவனுக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும். எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு பார்ட் நம்பர், ஒரு ரேக் எண், ஒரு வகை போடாமல் கை சும்மா இருக்காது. வீட்டு மளிகை டப்பாக்களுக்கு நான் அட்டை ஒட்டியதை என் மனைவி பொறுத்துக்கொண்டாள். அவள் பக்கத்துச் சித்தப்பா, பெரியப்பாக்களை ஃபாஸ்ட் மூவிங், ஸ்லோ மூவிங், நான் மூவிங் என்று மூன்றாகப் பிரித்ததை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஒரகடம் சிப்காட்டில், பெயர் சொல்ல அவசியமில்லாத ஓர் உதிரிபாகக் கம்பெனியில் எனக்கு வேலை. வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை எங்கள் ஆட்களில் ஏதாவது ஒரு கூட்டம் கடலோரம் போய்ப் படகு ஏறிவிட்டு வரும். குடிக்காதவன், கணக்கு எழுதுகிறவன், வயதில் மூத்தவன் என்ற மூன்று குற்றங்களுக்காக என்னையும் வேனில் ஏற்றிக்கொள்வார்கள். பணம், செருப்பு, பைகள் எல்லாம் என் பொறுப்பு. அங்கே பார்த்ததை டெலிவரி சலானின் பின்பக்கத்தில் குறித்து வந்தேன். குறிப்புகள் ஒரு பாக்ஸ் ஃபைல் அளவுக்குப் பெருகிவிட்டதால், நூலாக்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

நூல் என்றால் பாயிரம் வேண்டும். எல்லை: மேற்கே சுங்குவார்சத்திரம், கிழக்கே படப்பை, வடக்கே இருங்காட்டுக்கோட்டை, தெற்கே சிங்கப்பெருமாள் கோவில். நுதலிய பொருள்: இந்த எல்லைக்குள் கார், லாரி, பைக், போன், டயர் செய்கிறவர்கள் லீவு நாளில் உப்புத் தண்ணீரில் என்ன செய்கிறார்கள் என்பது. கேட்போர்: கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர். பயன்: பஸ் வரும்வரை பொழுது போகும்.

தன் மதம் நாட்டுமுன் பிறர் மதம் மறுப்பது உரைகாரர் வழக்கம். கடலிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, ஏரியும் வயலுமாக இருந்து ஷெட்டும் காம்பவுண்டுமாக ஆகிப்போன ஊர்க்காரனுக்கு நெய்தல் திணையைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று ஒருவர் கேட்கலாம். ஊர்ப் பெயரைப் பாருங்கள் என்பேன். எங்களுக்கு அடுத்த சிப்காட் வல்லம் வடகால். வல்லம் என்றால் படகு. கால் என்றால் காற்று. ஆகவே வடகால் என்றால் வாடைக்காற்று. வாடையில் அடித்து வரப்பட்ட வல்லம் கரை தட்டிய இடம் என்று பொருள் தானாக விரிகிறது. ஒரகடமோ 'ஓரக் கடல்' என்பதன் மரூஉ. லகரம் எப்படி மகரமானது என்று கேட்பவர்கள் இலக்கணம் படித்தவர்கள். அவர்களோடு நான் வாதம் வைத்துக்கொள்வதில்லை.

இதைச் சிவில் படிக்கும் என் மகளிடம் சொன்னேன். "அப்பா, வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். ஆனால் அவளுடைய மண்ணியல் பாடமே எனக்குச் சாட்சி சொல்ல வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பெயரிலேயே ஒரு பாறை அடுக்கு இருக்கிறதாம். டைனோசர்கள் நடமாடிய கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியில், 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் படிந்தது. அதில் நிலத்துச் செடிகளின் இலைத் தடங்களும் கிடைத்திருக்கின்றன, அம்மோனைட் முதலிய கடல் உயிர்களின் தடங்களும் கிடைத்திருக்கின்றன. கரையில் உதிர்ந்த இலையும் கடலில் செத்த உயிரும் ஒரே சேற்றில் படிந்து கல்லாகியிருக்கின்றன. ஆக, எங்கள் பக்கம் ஒரு காலத்தில் ஓரக் கடல்தான். சொல்லாராய்ச்சி தப்பு, முடிவு சரி. ஆராய்ச்சி உலகில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும்.

கடல் தன்பாட்டில் பின்வாங்கிப் போய்விட்டதால் அதைத் தேடி நாங்கள் வேன் பிடிக்க வேண்டியிருக்கிறது. படப்பை, வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம். காலையில் போகும்போது ஒன்றரை மணி நேரம். ஞாயிறு சாயங்காலம் திரும்பும்போது எவ்வளவு என்பது கேளம்பாக்கம் சிக்னலுக்கே வெளிச்சம்.

கோவளம் மீனவர் ஊர். ஃபைபர் படகுகள் மூக்கைத் தூக்கிக்கொண்டு மணலில் நிற்கும். மாதா கோவிலும் தமீம் அன்சாரி தர்காவும் ஒரே ஊருக்குள். கிளைவ் 1752-இல் பிடித்த கோட்டை இங்கே இருந்தது என்று எங்கள் இளவட்டங்களிடம் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். அவர்களை நிமிர்ந்து உட்கார வைக்க வேறு கதை வைத்திருக்கிறேன். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஒரு வெளிநாட்டுக் கம்பெனி யூனிட் போட்டிருந்தது. இன்றைய பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் துறைமுகத்துக் கம்பெனி. ஊர்ப் பெயரை 'கேபலோன்' என்று தங்கள் வாய்க்கு ஏற்ப எழுதிக்கொண்டார்கள். 1722-இல் பட்டயம் கிடைத்தது. நல்ல லாபம். 1727-இல் பட்டயம் முடக்கம், 1731-இல் மொத்தமாகக் கலைப்பு. ஆர்டர் இல்லாமல் அல்ல; பேரரசர் ஆறாம் சார்லஸுக்குத் தன் மகளின் வாரிசுரிமையை ஆங்கிலேயர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது, அதற்கு விலையாகக் கம்பெனியைக் கொடுத்துவிட்டார். இதைக் கேட்டதும் வேனில் ஒரு நிமிஷம் பேச்சு நின்றுவிடும். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்திய நோக்கியா ஆலையில் வேலை பார்த்த ஓர் அண்ணன் எங்களோடு வருவார். "அப்பவே ஆரம்பிச்சிட்டானுங்களா" என்றார்.

கோவளத்துக்குக் கொஞ்சம் வடக்கே, பக்கிங்காம் கால்வாயும் வந்து கூடும் உப்பங்கழி கடலைத் தொடும் இடம் முட்டுக்காடு. சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984-இல் படகுக் குழாம் தொடங்கியது இங்கேதான். துடுப்புப் படகு, மிதிபடகு, மோட்டார் படகு, வேகப்படகு என்று படகுகளை நான் வகுக்க வேண்டியதில்லை. கவுன்டரில் ரேட்டோடு எழுதிப் போட்டுவிட்டார்கள். ஏறுகிற ஆளை வகுப்பதற்குத்தான் புலமை தேவை.

எதைக் கொண்டு வகுப்பது? வயதைக் கொண்டு வகுத்துப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய ஃபோர்மேன் வேகப்படகில் விசிலடித்ததில் அது கெட்டது. நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் என்று வகுத்தேன். எல்லாரும் இரண்டாவது பெட்டியில் போய் விழுந்தார்கள். பிறந்த மாவட்டம், சம்பளம், பெர்மனென்ட், காண்ட்ராக்ட் எதுவும் தண்ணீரில் நிற்கவில்லை. கடைசியில் கிடைத்த சூத்திரம் இது: படகில் ஏறுகிறவனிடம் எந்த ஊர் என்று கேட்காதே, எந்த ஷிப்ட் என்று கேள்.

தலைமை வகை, நைட் முடித்து நேரே வந்தவர். வேனில் ஏறியதும் கண்ணாடியில் தலை சாய்ப்பார். படகு கிளம்பும்போது தட்டினால் "வந்துட்டமா?" என்பார், சுற்றி முடித்துக் கரைக்கு வந்து தட்டினாலும் அதையேதான் கேட்பார். லைஃப் ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டை தலையணையைவிட நன்றாகத் தாங்கும் என்பது இவருடைய கண்டுபிடிப்பு. காசு கொடுத்துத் தண்ணீர் மேல் தூங்குகிறானே என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவருடைய அறை எனக்குத் தெரியும். பத்துக்குப் பத்தில் ஆறு பேர், ஷிப்டுக்கு இரண்டு பேர் வீதம். ஒருவர் வந்து படுக்கும்போது ஒருவர் அலாரம் அடித்து எழுவார், ஒருவர் குக்கர் வைப்பார். அந்த அறையில் லைட் முழுசாக அணைந்த நேரம் என்று ஒன்று கிடையாது. அவர் அரை மணி நேரம் யாருடைய அலாரமும் இல்லாமல் தூங்கிவிட்டு எழுந்தபோது கன்னத்தில் ஜாக்கெட்டின் தையல் வரி வரியாகப் பதிந்திருந்தது. அந்தப் படகில் கொடுத்த காசுக்கு முழுசாக வசூல் செய்தவர் அவர் ஒருவர்தான் என்பது என் கட்சி.

இதற்கு எதிர்வகை, அன்றைக்கே மதிய ஷிப்டுக்குத் திரும்ப வேண்டியவர். கடலைப் பார்ப்பார், மணிக்கட்டைப் பார்ப்பார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாது. ஓ.டி.யை விட்டுவிட்டு வந்தவர் இவருக்கு அண்ணன்முறை. ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்பதால் இவருக்கு வறுத்த மீன் ஒரு தட்டு முக்கால் மணி நேரம், வேகப்படகு இரண்டு மணி நேரம். எல்லாவற்றையும் மணியாக மாற்றிச் சொல்லி மற்றவர்கள் வாயில் இருப்பதையும் புளிக்க வைப்பார்.

ஜெனரல் ஷிப்ட்காரர் குடும்பத்தோடு வருவார். புளிசாதம், உருளைக்கிழங்கு, குழந்தைக்கு மாற்று டவுசர். இவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நானும் இந்த வகைதான்.

ஷிப்டால் வகுத்தாலும் அடங்காமல் துறையால் மீறுகிறவர் ஒருவர் உண்டு, குவாலிட்டிக்காரர். கொடுத்த லைஃப் ஜாக்கெட்டை மாட்டுவதற்கு முன் பக்கிளை நான்கு முறை பூட்டித் திறப்பார். படகின் விளிம்பில் ஃபைபர் ஒட்டிய இடத்தை நகத்தால் சுரண்டுவார். இருக்கை போல்ட்டில் ஒன்று துருப்பிடித்திருப்பதை அவர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குச் சவாரி கசந்துவிடும். "சும்மா சொன்னேன், ஒண்ணும் ஆகாது" என்பார். அந்த வாக்கியத்தை அவர் வேலை நேரத்தில் ஒருநாளும் சொன்னதில்லை.

பெண்கள் பகுதிக்கு நான் நேரடிச் சாட்சி இல்லை. பாதி என் மனைவி சொன்னது. சுங்குவார்சத்திரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் லைனில் நிற்கும் பிள்ளைகள், ஹாஸ்டலில் இருந்து பன்னிரண்டு பேர், என் மனைவியின் அக்கா மகள் அழைத்து வந்தது. லைனில் முடி வெளியே தெரியக் கூடாது, போன் உள்ளே போகக் கூடாது, உட்காரவும் கூடாது. முட்டுக்காட்டில் முதல் காரியமாக மூன்றையும் செய்தார்கள்: கொண்டையை அவிழ்த்தார்கள், போனை எடுத்தார்கள், உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு போனும் ஒரே நேரத்தில் படம் பிடித்ததால் ஒவ்வொரு படத்திலும் மற்ற பதினொரு போன்கள்தான் தெரிகின்றன. ஹாஸ்டல் கேட் எட்டு மணிக்குப் பூட்டும் என்பதால் வார்டன் அம்மாவுக்கு ஆறு மணியிலிருந்தே 'வந்துட்டே இருக்கோம்' என்று செய்தி போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று உபவகை. நாகப்பட்டினம் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். மற்றவர்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அலற, இவள் கைகட்டி உட்கார்ந்திருந்தாளாம், டவுன் பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி. "இது கழிதானே, கடலா?" என்றாளாம். கொஞ்ச நேரம் கழித்து, "கச்சான் விழுந்து கொண்டல் எழும்புது, சாயங்காலம் குளிரும்" என்றாளாம். மேல்காற்று ஓய்ந்து கீழ்காற்று எழுகிறது என்று பொருள். யாரும் கேட்காமல் அவள் சொன்ன ஒரே வாக்கியம் அது என்று என் மனைவி நினைவு வைத்திருக்கிறாள். அவள் அப்பா அவளை லைனுக்கு அனுப்பியது கடல் வேண்டாம் என்பதற்காகத்தான்.

'வடக்கத்தியார்' என்று ஒரே பெட்டியில் போடுவது எங்கள் ஊர் செய்யும் பெரிய வகைப்பாட்டுப் பிழை. நான் பார்த்தவரை குறைந்தது மூன்று. பீகார் பையன்கள் கடலை முதல் தடவை பார்க்கிறவர்கள். ஒரு கை அள்ளி வாயில் வைத்து உப்புதானா என்று உறுதி செய்துகொள்வார்கள். அஸ்ஸாம்காரர் பிரம்மபுத்திராவில் படகேறியே வளர்ந்தவர். எங்கள் கழியை எட்டிப் பார்த்துவிட்டு மரியாதைக்காகத் தலையாட்டுவார். ஒடிசாக்காரர் சிலிகா ஏரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் திரும்பி வண்டலூர் வரும்வரை நிறுத்த மாட்டார்.

இனி ஒரு நிகழ்ச்சி. எந்தக் கரை என்று சொல்ல மாட்டேன். ஒன்பது பேர் போன மோட்டார் படகு நடுக்கழியில் நின்றுவிட்டது. எஞ்சின் இரண்டு முறை இருமியது, பிறகு சத்தமே இல்லை. புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் உடனே கடிகாரத்தைப் பார்த்து "பத்து நாப்பத்திரண்டு" என்றார். பிரேக்டவுன் தொடங்கிய நேரத்தைக் குறிக்காவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும். மெயின்டனன்ஸ்காரர் படகோட்டியிடம், "கடைசியா எப்ப பி.எம். பண்ணுனீங்க?" என்றார். படகோட்டி பெரியவர் பீடியை வாயிலிருந்து எடுக்காமல் அவரைப் பார்த்தார். குவாலிட்டிக்காரர் 'ஐந்து ஏன்' முறையைத் தொடங்கினார். எஞ்சின் ஏன் நின்றது? ஏதோ மாட்டியிருக்கிறது. ஏன் மாட்டியது? தண்ணீரில் குப்பை. ஏன் குப்பை? நான்காவது 'ஏன்' வந்தபோது குற்றம் நெகிழிப் பையைக் கண்டுபிடித்தவன் மேல் விழுந்திருந்தது. ஐந்தாவதற்குள் பெரியவர் லுங்கியை மடித்துக் கட்டி, எஞ்சினைச் சாய்த்துத் தூக்கி, ப்ரொப்பெல்லர் தண்டில் சுற்றியிருந்த நைலான் வலைத் துண்டைக் கத்தியால் இரண்டு இழுப்பில் அறுத்து எறிந்தார். கயிற்றைச் சுற்றி ஓர் இழுப்பு. வண்டி ஓடியது.

"எட்டு நிமிஷம்" என்றார் சூப்பர்வைசர்.

"வலைத்துண்டு மாட்டிக்கிச்சு. இதுக்கு எதுக்கு சார் இவ்ளோ பேச்சு" என்றார் பெரியவர்.

எந்த இலக்கணத்துக்கும் புறனடை உண்டு. என் நூலுக்கு அது பழவேற்காடு.

62 கிலோமீட்டர் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையைப் பிடித்து, பொன்னேரி வழியாகப் போக வேண்டும். அந்தச் சாலையில் எங்கள் வேனுக்குப் பக்கத்திலேயே ஒரு நீள ட்ரெய்லர் வந்தது. வயிறு நிறையப் புதுக் கார்கள், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு, அங்கிருந்து கப்பலில் வெளிநாட்டுக்கு. பிரஸ் ஷாப் தம்பி ஜன்னலில் முட்டி, "அண்ணே, மேல் அடுக்குல ரெண்டாவது, நம்ம பிராக்கெட் உள்ள வண்டி" என்றான். அவன் ஒருநாளைக்கு அந்தப் பிராக்கெட்டில் நூற்றுக்கணக்கில் அடிக்கிறவன், அன்றுதான் முதல் முறையாகக் கடலுக்குப் போகிறான். மீஞ்சூர் பக்கம் பிரியும்வரை இரண்டு வண்டியும் சேர்ந்தே போயின. அவன் கையசைத்தான், காருக்கு.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரியது பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி நமக்கு. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்ட வாசலில் எலும்புக்கூட்டைச் சிலையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் பையன்கள் அதன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்தார்கள். இந்த ஊர்க் கட்டம் போட்ட துணி கப்பலேறிப் போய், மலாய்க்காரர்கள் இன்றைக்கும் தங்கள் கைலியை 'காயின் பெலேகாட்' என்கிறார்கள். புலிகாட் என்ற பெயர்தான் அங்கே இப்படி ஆனது. ஆக, ஏற்றுமதி இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை.

படகு ஏறவில்லை. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளில் இந்த ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு சுற்றுலா வருகிறவர்களைப் படகில் ஏற்றத் தடை விழுந்தது. "பாத்துக்கலாம்ணே, காசு குடுத்தா யாராச்சும் கூட்டிட்டுப் போவாங்க" என்றார்கள் எங்கள் பையன்கள். பணப்பை என்னிடம் இருந்தது. நான் கொடுக்கவில்லை. அரை மணி நேரம் யாரும் என்னோடு பேசவில்லை. குவாலிட்டிக்காரர் மட்டும் பக்கத்தில் வந்து நின்று ஒன்றும் சொல்லாமல் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

அவர்கள் தூரத்துப் பூநாரைகளைப் பார்க்கப் போய்விட, நான் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் அருகில் உட்கார்ந்தேன். என் நூலின் மொத்த அஸ்திவாரமும் அங்கேதான் ஆடியது. ஷிப்ட் என்பது எங்கள் சிப்காட்டோடு வந்தது என்று நான் நினைத்திருந்தேன். இந்த ஏரியில் தலைமுறை தலைமுறையாகப் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. இறால் நன்றாக விழும் இடங்கள் ஏரியில் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் வலை போட்டால் சண்டை, மீனும் மிஞ்சாது. ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்க்காரர்கள் சீட்டுப் போட்டு, எந்த இடம் எந்த நாள் யாருக்கு என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் இன்றைக்கு உனக்கு என்றால் இன்னொரு நாள் எனக்கு. ஸ்விட்ச் ரூமும் சைரனும் எச்.ஆரும் இல்லாமல் ஓடும் ரொட்டேஷன். பாட்டு உரிமை இல்லாத குப்பங்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. எங்கள் பக்கத்தில் காண்ட்ராக்டுக்குப் பெர்மனென்ட் மேல் உள்ள மனத்தாங்கல் மாதிரியே. கடலுக்கு வருஷாந்திர ஷட்டவுனும் உண்டு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகளுக்கு.

"இன்னிக்கு உங்க பாடு இல்லையா?" என்றேன்.

"இல்ல. நாளைக்குத்தான் நம்ம பாடு. இன்னிக்கு வலைதான்" என்றார். ஊசி கண்ணுக்குக் கண் போய்வந்துகொண்டிருந்தது. பிறகு, "உங்க கம்பேனியிலயும் முறை வச்சிருக்காங்கன்னு பசங்க சொன்னாங்க. உங்களுக்கு எந்த முறை?"

"எனக்கு ஜெனரலுங்க."

"அப்படின்னா?"

"தினமும் நம்ம பாடுதான்."

அவர் ஊசியை நிறுத்திவிட்டு முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "அடப் பாவமே" என்றார்.